கேட்காத நிபந்தனைக்கு வேலை இல்லை

ஆர் நிரல்மொழியில் அட்டவணைத் தரவை டேட்டா ஃபிரேம் என்கிறோம். அண்டார்டிகாவின் பாமர் தீவுக்கூட்டத்தில் 2007 முதல் 2009 வரை அளக்கப்பட்ட 344 பெங்குவின்களின் தரவு, பயில்வோருக்குப் பழக்கமான ஒரு டேட்டா ஃபிரேம். இனம், பாலினம், குறைந்தபட்ச எடை ஆகிய மூன்றில் வேண்டியதை மட்டும் கொடுத்து அதை வடிகட்ட ஒரு ஃபங்ஷன் எழுதவேண்டும். எது வரும், எது வராது என்று ஒவ்வொரு சேர்க்கைக்கும் தனிக் கிளை எழுதினால் மூன்று நிபந்தனைக்கு 8 கிளைகள், ஐந்துக்கு 32. அதைவிட, மூன்றுக்கும் இயல்பு மதிப்பாக, ஆர் மொழியில் 'எதுவும் இல்லை' எனக் குறிக்கும் 'நல்'லை வைத்துவிட்டு, நல் அல்லாதது வந்தால் மட்டும் அந்த நிபந்தனையால் வடிகட்டுவதே சரியான வழி. இங்கே நல் என்றால் 'இதைப் பற்றி யாரும் கேட்கவில்லை' என்று பொருள்.

இயல்பாகவே எல்லா மதிப்புகளையும் அனுமதித்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. பாலினத்துக்கு 'ஆண், பெண்' இரண்டையும் இயல்பாக வைத்தால் 333 பெங்குவின்களே திரும்பும். பாலினம் பதிவாகாத 11 பறவைகள் அந்தப் பட்டியலில் சேராததால் சொல்லாமல் மறைந்துவிடும். எடைக்கு எதிர்மறை முடிவிலியை வைத்தாலும் எடை பதிவாகாத 2 பறவைகள் போய்விடும். விடுபட்ட மதிப்பான 'என்ஏ'வை எந்த எண்ணோடு ஒப்பிட்டாலும் விடை என்ஏதான். டிப்ளையர் தொகுப்பின் ஃபில்டர் அத்தகைய வரிசைகளை நீக்கிவிடும். அப்படியானால் என்ஏவையே இயல்பு மதிப்பாக்கலாமே என்றால், அது தரவுக்குள்ளேயே இருக்கும் மதிப்பு. பாலினம் தெரியாத பறவைகளை மட்டும் பார்க்க விரும்புபவர் பிறகு எதைக் கொடுத்துக் கேட்பார்?

தனித்தனி 'இஃப்' எதற்கு, 'நல்லாக இருந்தால் அல்லது எடை இதற்குக் குறையாவிட்டால்' என்று ஒரே நிபந்தனையாக எழுதலாமே என்பது அடுத்த மறுப்பு. வரி சுருங்கும் என்பது உண்மைதான். ஆனால் நல்லோடு எதை ஒப்பிட்டாலும் நீளம் பூஜ்யமான விடையே வரும். அதை ஒற்றைக் கோட்டு 'அல்லது' கொண்டு இணைத்தால் மொத்த நிபந்தனையும் பூஜ்ய நீளமாகிவிடும். டிப்ளையர் பிழை காட்டி நிற்கும். சதுர அடைப்புக்குறியால் வடிகட்டினாலோ எந்த எச்சரிக்கையும் இல்லாமல் வெற்று அட்டவணை வரும். ஒரு மதிப்பு பட்டியலில் உள்ளதா என்று பார்க்கும் 'இன்' செயற்குறி இனத்துக்கும் பாலினத்துக்கும் இந்தச் சிக்கலைத் தவிர்க்கும்; எடை போன்ற எல்லைக்கு அது உதவாது. தனி இஃப் எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஒரு நிபந்தனை கூடினால் ஒரு வரிதான் கூடும்.

எழுதி முடித்ததும் எந்த நிபந்தனையும் கொடுக்காமல் ஃபங்ஷனை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். 344 உள்ளே போனால் 344 வெளியே வரவேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்த ஃபங்ஷனை நம்பாதீர்கள்.