1975 எமர்ஜென்சியை முடித்து வைத்தது யார்? ஜனதா அரசு இல்லை! 1977 தேர்தலில் நடந்தது என்ன?

'ஜனதா ஆட்சிக்கு வந்தது, எமர்ஜென்சி போனது' என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனா தேதியைப் பார்த்தா கதையே வேற.

ஏன் தேர்தல் வந்தது?

1971-ல் தேர்வான மக்களவையின் ஆயுள் 1976-லேயே முடிந்திருக்க வேண்டும். எமர்ஜென்சியைக் காட்டி இரண்டு முறை நீட்டித்தார்கள். இன்னும் ஓராண்டு மிச்சம் இருந்தும், 1977 ஜனவரி 18-ல் தேர்தலை அறிவித்தார் இந்திரா காந்தி. சிறையில் இருந்த தலைவர்கள் வெளியே வந்தார்கள். எதிர்க்கட்சிகள் ஜனதா என்ற பெயரில் கைகோத்தன. பிப்ரவரி 2-ல் மூத்த அமைச்சர் ஜெகஜீவன் ராமும் காங்கிரஸை விட்டு விலக, களம் சூடானது.

ரிசல்ட் என்ன?

மார்ச் 16 முதல் 20 வரை வாக்குப்பதிவு. 1971-ல் 352 இடங்களில் வென்ற காங்கிரஸ், 154-க்கு இறங்கியது. உத்தரப்பிரதேசத்தின் 85, பீகாரின் 54 தொகுதிகளில் ஒன்றுகூட கிடைக்கவில்லை. ரேபரேலியில் இந்திராவே ராஜ் நாராயணிடம் 55,202 வாக்குகளில் தோற்றார். 1971 வெற்றியை எதிர்த்து வழக்குப் போட்டு, 1975-ல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தவரும் இதே ராஜ் நாராயண்தான்.

தெற்கு மட்டும் மாறி நின்றது. தமிழ்நாட்டில் 39-ல் 34 இடங்கள் அதிமுக - காங்கிரஸ் அணிக்கு.

அந்த நான்கு நாட்கள்

மார்ச் 21: தோற்றுப்போன அரசே பரிந்துரைக்க, 1975 எமர்ஜென்சி வாபஸ். மார்ச் 22: இந்திரா ராஜினாமா. மார்ச் 24: மொரார்ஜி தேசாய் பிரதமரானார். குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது பிப்ரவரியில் காலமானதால், பதவிப் பிரமாணம் செய்து வைத்தவர் தற்காலிகத் தலைவர் பி.டி.ஜாட்டி. சுதந்திரத்துக்குப் பிறகு மத்தியில் காங்கிரஸ் அல்லாத முதல் அரசு இதுதான்.

அப்போ ஜனதா செய்தது என்ன?

எமர்ஜென்சி திரும்ப வரும் வழிக்குப் பூட்டுப் போட்டது. 1975-ல் பிரதமரின் பரிந்துரையில் நள்ளிரவு நேரத்தில் கையெழுத்தானது. அமைச்சரவைக்கு மறுநாள் காலையில்தான் தெரியும். 1978-ல் நிறைவேறிய 44-வது திருத்தம், அமைச்சரவையின் எழுத்துப்பூர்வ முடிவு கட்டாயம் என்றது. 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற காரணம் நீக்கப்பட்டு, 'ஆயுதக் கிளர்ச்சி' என்றானது. உயிர் வாழும் உரிமைக்காக நீதிமன்றம் போவதை எமர்ஜென்சியிலும் தடுக்க முடியாது என்றும் ஆனது.

ஜனதா அரசு 1979-லேயே கவிழ்ந்தது. 1980 ஜனவரியில் இந்திராவே மீண்டும் ஜெயித்து வந்தார். ஆனா அந்தப் பூட்டு இன்னும் அப்படியே இருக்கு.