"லெட் ஹிம் ஹேவ் இட்!" உயிரைக் குடித்த கொச்சை வார்த்தை
இங்கிலீஷில் நாலே நாலு சொல். அதற்கு என்ன அர்த்தம் என்ற தகராறில் 19 வயது வாலிபர் தூக்கில் தொங்கினார். இங்கிலாந்தையே உலுக்கிய வழக்கு இது.

1952-ம் ஆண்டு நவம்பர் 2-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை இரவு. லண்டனை அடுத்த கிராய்டனில் மிட்டாய் கம்பெனி குடோன் ஒன்றின் கூரை மீது இரண்டு பேர் ஏறினார்கள். ஒருவர் டெரக் பென்ட்லி. எழுதப் படிக்கச் சரியாகத் தெரியாதவர். இன்னொருவன் கிறிஸ்டோபர் கிரெய்க். வயது 16. அவனிடம் கைத்துப்பாக்கி இருந்தது.

எதிர் வீட்டார் பார்த்துவிட்டார்கள். போலீஸ் பறந்து வந்தது. துப்பறியும் போலீஸ்காரர் பேர்பாக்ஸ் மேலே ஏறி பென்ட்லியைப் பிடித்தார்.

அப்போதுதான் "லெட் ஹிம் ஹேவ் இட், கிறிஸ்!" என்று பென்ட்லி கத்தினாராம். 3 போலீசார் கோர்ட்டில் இப்படிச் சாட்சி சொன்னார்கள்.

கிரெய்க் சுட்டான். பேர்பாக்சுக்குத் தோளில் காயம். பிறகு மாடிக்கு வந்த போலீஸ்காரர் மைல்ஸ் தலையில் குண்டு பாய்ந்து செத்தார். அந்த நேரம் பென்ட்லி போலீஸ் பிடியில் இருந்தார்.

இரண்டு அர்த்தம்

நேராகப் பார்த்தால் "அவரிடம் கொடுத்து விடு" என்று பொருள். அதாவது, துப்பாக்கியைக் கொடு. கொச்சையில் "போட்டுத் தள்ளு" என்று பொருள்.

நம்ம பேச்சில் "ரெண்டு குடு" என்றால் காசு கொடுக்கவா சொல்கிறோம்? உதைக்கத்தானே! அந்த மாதிரிதான் இதுவும்.

இங்கிலீஷ் கொச்சையில் இது சகஜம். "நிக்" என்று ஒரு சொல். திருடினாலும் "நிக்". திருடனைப் போலீஸ் பிடித்தாலும் "நிக்". கொண்டு போய் அடைக்கும் ஸ்டேஷனுக்கும் பேர் "நிக்"! இடம் பார்த்துத்தான் அர்த்தம் பண்ண வேண்டும்.

சுட்டவன் தப்பினான்

"சுடச் சொல்லித் தூண்டினார்" என்றது அரசு தரப்பு. "அப்படி யாரும் பேசவே இல்லை" என்று இருவரும் மறுத்தார்கள். "சொல்லியே இருந்தாலும், துப்பாக்கியைக் கொடுக்கச் சொன்னதாக இருக்கலாமே?" என்று பிற்காலத்தில் பலர் கேட்டார்கள்.

இருவருமே குற்றவாளிகள் என்று தீர்ப்பு. பென்ட்லிக்குக் கருணை காட்டும்படி ஜூரிகள் சிபாரிசு செய்தும் பலன் இல்லை. 18 வயது ஆகாததால் கிரெய்க்குக்குத் தூக்கு கிடையாது. ஜெயிலுக்குப் போய், 1963-ல் வெளியே வந்தான். பென்ட்லி 1953 ஜனவரி 28-ந் தேதி வான்ஸ்வொர்த் ஜெயிலில் தூக்கிலிடப்பட்டார்.

அக்காள் போராட்டம்

அக்காள் ஐரிஸ் விடவில்லை. 40 ஆண்டுக்கு மேல் போராடினார். 1993-ல் அரசு மன்னிப்பு கிடைத்தது. ஆனால் தூக்குத் தண்டனைக்கு மட்டும்தான். கொலைக் குற்றம் அப்படியே நின்றது.

1998 ஜூலை 30-ந் தேதி அப்பீல் கோர்ட்டு அதையும் ரத்து செய்தது. ஜூரிகளுக்கு நீதிபதி கோடார்டு வழக்கை எடுத்துச் சொன்ன விதமே நியாயம் இல்லை என்று கூறியது.

தம்பி மீதிருந்த பழி நீங்கிய சேதியைக் கேட்க ஐரிஸ் இல்லை. முந்தின ஆண்டே அவர் இறந்துவிட்டார்.