தகவல் துளி: குலப்பெயரும் ஊர்ப்பெயரும்

ஜெர்மானியரின் குலப்பெயர்கள் பெரும்பாலும் முன்னோர் செய்த தொழிலையோ, வாழ்ந்த ஊரையோ, தந்தையின் பெயரையோ, உருவ விசேஷத்தையோ ஆதாரமாகக் கொண்டு இடைக்காலத்தில் தோன்றி, பின்னர் வம்ச பரம்பரையாக நிலைபெற்றவை. மாவு அரைப்போரைக் குறிக்கும் ‘மியூலர்’ என்பது அந்நாடெங்கும் மிகுதியாக வழங்க, ஆட்டுத்தோல் என்று பொருள்படும் ‘சீகன்பால்கு’ என்பதோ அபூர்வமான பெயராகவே இருந்துவருகிறது. ஆயினும், 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கி, தமிழ் கற்று, அச்சுக்கூடம் நிறுவி, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றி முடித்த பார்த்தலோமேயு சீகன்பால்குவினால், தாயகத்தில் அரிதான அப்பெயர் தமிழகத்தில் பிரசித்தி அடைந்தது.

நம் நாட்டிலோ குலப்பெயருக்குரிய ஸ்தானத்தை ஊர்ப்பெயரே வகித்து வந்திருக்கிறது. செய்யாற்றங்கரையில், திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற சிவஸ்தலமாக விளங்கும் மாகறலின் பெயர், 1913இல் ‘மொழிநூல்’ என்னும் ஆராய்ச்சி நூலை வெளியிட்ட கார்த்திகேய முதலியாரின் பெயருக்கு முன்னே நின்று, ‘மாகறல் கார்த்திகேய முதலியார்’ என்றே அவரைப் புலவருலகம் அறியும்படி செய்தது.

இன்று அத்தகைய ஊர்ப்பெயர்கள் ஓரெழுத்தாகக் குறுகியும் மறைந்தும் வருகின்றன. தம் பெயரின் முன்னெழுத்து எவ்வூரைச் சுட்டுகிறது என்பதை நேயர்கள் தம் பிள்ளைகளுக்கு அவசியம் சொல்லிவைப்பார்களாக.