ஹெட்லைட்டுக்குள் ஈரமா? மழைக்கு முன்பே கவனியுங்கள்!

விடியற்காலை 3 மணிக்குத் தக்காளிக் கூடைகளோடு சந்தைக்குக் கிளம்பும் லோடு வண்டிக்கு ஹெட்லைட்தான் கண். அதற்குள் பனி படர்ந்தால் வெளிச்சம் சிதறும்; ஓரத்தில் விளக்கில்லாமல் நிற்கும் டிராக்டர் டிரெய்லர் கிட்டே போகும்வரை தெரியாது.

ஹெட்லைட் முழுக்க மூடிய பெட்டியல்ல. பல்பின் சூட்டில் விரியும் காற்று வெளியேற, அதில் சிறு காற்றுத் துளைகள் உண்டு. விளக்கு ஆறும்போது அதே வழியில் ஈரக்காற்று நுழைந்து, குளிர்ந்த கண்ணாடியில் படிகிறது. விளக்கைப் போட்டு ஓட்டியதும் மறையும் மெல்லிய பனி பழுதல்ல. துளித்துளியாக வழிந்தாலோ, அடியில் நீர் தேங்கினாலோதான் கோளாறு.

பல்பு மாற்றியபோது சரியாகப் பொருந்தாத ரப்பர் மூடி, கண்ணாடியில் விரிசல், சேறு அடைத்த காற்றுத் துளை, மிக அருகில் பீய்ச்சிய வாட்டர் சர்வீஸ் ஆகியவையே பெரும்பாலும் காரணம்.

விளக்கை அணைத்து, சூடு ஆறியபின் பின்மூடியையும் பல்பையும் கழற்றி, தூசி புகாமல் வெயிலில் காயவிடலாம். நீர் தேங்கியிருந்தால் விளக்கையே கழற்றி வடிக்க வேண்டும். உள்ளே துணிவிட்டுத் துடைத்தால் ரிஃப்ளெக்டரின் பளபளப்பான பூச்சு கெடும். ஹாலஜன் பல்பின் கண்ணாடியை வெறும் விரலால் தொடக்கூடாது. பிசுக்கு ஒட்டினால் சீக்கிரம் ஃபியூஸ் போகும். காற்றுத் துளையைப் பசை வைத்து அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

வெடித்த ரப்பர் மூடியை மாற்றுவது சின்னச் செலவு. விட்டுவைத்தால் பூச்சு கறுத்து, கனெக்டரில் பச்சைக் களிம்பேறி, முழு விளக்கையும் மாற்ற நேரிடும். ஐப்பசி மழைக்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது.