மேலதிக வேலையும் தொழிலாளியின் சம்மதமும்

ஊவாவில், மொனராகலையின் இறப்பர்த் தோட்டங்களிலும், பசறை, மடுல்சீமைத் தேயிலை மலைகளிலும், 1992ஆம் ஆண்டில் ஜனாதிபதி பிரேமதாஸ தொடக்கிவைத்த இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தின் பின் கிராமங்களை நாடி வந்த தையற்சாலைகளிலும், பட்டணத்துக் கடைகளிலும் உழைக்கின்ற நம் மக்களிடையே, ‘ஞாயிற்றுக்கிழமையும் வரவேணும்’ என்று மேலே இருப்பவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதற்கு மறுவார்த்தை கிடையாது என்ற அபிப்பிராயம் நெடுங்காலமாக வேரூன்றிக் கிடக்கிறது. அது தவறான அபிப்பிராயம். இந்நாட்டுச் சட்டம் தொழிலாளியின் நேரத்துக்கு வேலி இட்டுப் பல தசாப்தங்கள் ஆகிவிட்டன. அந்த வேலி எங்கே இருக்கிறதென்று அறியாதவர்களே அதிகம்.

கடைகளிலும் காரியாலயங்களிலும் வேலை செய்வோருக்கென 1954ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட 19ஆம் இலக்கச் சட்டம், நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று சாதாரண வேலை நேரத்தை வரையறுத்து, அதற்கு மேற்பட்ட வேலை வாரத்தில் 12 மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாதென்றும், அந்த நேரத்துக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் கொடுக்க வேண்டுமென்றும் விதிக்கிறது. தொழிற்சாலைப் பெண்களின் விஷயத்தில் சட்டம் இன்னும் ஒரு படி முன்னே செல்கிறது. 1984ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, எந்தப் பெண்ணையும் அவளுடைய விருப்பத்துக்கு மாறாக இராவேலைக்கு நிர்ப்பந்திக்க முடியாது. தொழில் ஆணையாளரின் எழுத்து மூலமான அனுமதியின்றி இரவு பத்து மணிக்குப் பின் அவளை வேலையில் நிறுத்தவும் முடியாது. அனுமதி இருந்தாலும் மாதத்தில் பத்து நாளுக்கு மேல் ஆகாது. ‘ஆர்டர் முடியவேணும்’ என்பது சுப்பவைசருக்கு எவ்வளவு அவசரமான காரியமாயினும், அந்த அவசரம் சட்டத்தை ரத்துச் செய்துவிடாது.

மேலதிக நேரப் பணம் கையில் கிடைக்கும்போது இனிக்கத்தான் செய்யும். ஆயினும் அதைப் பற்றி ஒரு விஷயத்தை நம் குடும்பங்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும். தொழிலாளியிடமிருந்து நூற்றுக்கு 8, முதலாளியிடமிருந்து 12 என்று ஊழியர் சேமலாப நிதிக்குச் சேரும் தொகையைக் கணக்கிடும்போது மேலதிக நேரச் சம்பளம் சேர்த்துக் கொள்ளப்படுவதில்லை. அடிப்படைச் சம்பளத்தைக் குறைவாக வைத்து, மிகுதியை ஓவர்டைமாலேயே ஈடு செய்யப் பழகிய இடத்தில், பத்து வருஷம் இராப்பகலாக உழைத்தவளுடைய முதுமைக்கால நிதியில் அந்த இரவுகள் ஒன்றுமே பதிவாவதில்லை. இதை எண்ணும்போது என் மனம் பதைக்கிறது.

இவ்வளவு சட்டம் இருந்தும் வாய் திறவாமைக்குக் காரணம் என்ன? கோழைத்தனம் என்று சொல்வோர் தோட்டத்தின் சரித்திரத்தை அறியாதவர்கள். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், ஒப்பந்தத் தொழிலாளி வேலைக்கு வர மறுப்பதும், சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போவதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றங்கள். அந்தத் தண்டனை கடந்த நூற்றாண்டின் இருபதுகளில் ஒழிந்தது. ஆனால் வேலை கொடுத்த கையே வீட்டையும் கொடுத்த நிலை ஒழியவில்லை. விடியுமுன் தப்பு அடித்து எழுப்பப்பட்டு, பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்து, மாலையில் கொழுந்து மடுவத்தில் நிறுவை முடித்துத் திரும்பும் லயத்துக் காம்பிராவும் துரையினுடையதாகவே இருக்கையில், கங்காணி வாசலில் வந்து நின்று அழைத்தால், ‘இது என் சொந்த நேரம்’ என்று எந்த நிலத்தில் நின்றுகொண்டு சொல்வது?

அப்படிச் சொன்னவர்களும் இதே ஊவாவில் இருந்தார்கள். 1940ஆம் ஆண்டில் மலையகமெங்கும் வேலைநிறுத்த அலை எழுந்தபோது, பதுளைக்கருகே வெவெஸ்ஸ தோட்டத்துத் தொழிலாளர் தமக்குள்ளே ஒரு சபையைத் தெரிவு செய்து அமைத்தார்கள்; அச்சபையைக் கலந்தாலோசித்தே காரியம் செய்வதாகத் தோட்டத் துரை இணங்க வேண்டி வந்தது. அவ்வெழுச்சி அவ்வாண்டு மே மாதத்திலேயே பொலிஸ் அடக்குமுறையால் நசுக்கப்பட்டதெனினும், ஒரு மனிதன் தனியே சொன்னால் முறைகேடென்று கருதப்படும் மறுப்பு, நூறு பேர் சேர்ந்து சொல்லும்போது பேச்சுவார்த்தையாக மாறுகிறது என்பதை அது நிரூபித்துவிட்டது. கடல் கடந்த உதாரணம் ஒன்றும் உண்டு: 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டசபை பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவை நிறைவேற்ற, தொழிற்சங்கங்கள் கட்சி பேதமின்றி எதிர்த்ததனால், மே தினத்தன்றே அது மீளப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார்.

இன்றைய தோட்டத்தில் இப்பிரச்சினை வேறொரு வேஷம் பூண்டு நிற்கிறது. 2021ஆம் ஆண்டில் சம்பள நிர்ணய சபை ஆயிரம் ரூபாயை நாட்சம்பளமாக்கியதை அடுத்து, கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக் கொண்டன. நாளுக்குப் பறிக்க வேண்டிய கொழுந்தின் அளவை உயர்த்திவிட்டார்கள் என்ற முறைப்பாடும் அதன்பின் பல தோட்டங்களிலிருந்து எழுந்தது. அளவு குறைந்தால் ‘அரைப்பேர்’, அதாவது அரைநாட் சம்பளம். கடிகாரப்படி எட்டு மணித்தியாலமாக இருப்பது, கிலோக் கணக்கில் ஒன்பதாகவோ பத்தாகவோ நீண்டுவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசு வேலைக்குப் போகாதவளைப் பின்னர் கடுஞ்சரிவான மலைக்கு அனுப்பும் பழக்கத்தையும் இதனோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

ஆகவே, மறுக்க விரும்புகிறவர் செய்யத்தக்கது என்ன? முதலில் நியமனக் கடிதத்தை வாசிக்க வேண்டும்; மேலதிக வேலை பற்றி அதில் ஒப்புக்கொண்டது என்ன என்பதே பேச்சின் அடிப்படை. பிறகு, கடைசி நிமிஷத்தில் வராமல் நின்றுவிடுவதைவிட, முன்கூட்டியே மரியாதையாகச் சொல்வதே பலமான உபாயம். ‘இந்த ஞாயிறு ஏலாதுங்க ஐயா, புதன்கிழமை ரெண்டு மணித்தியாலம் நிற்கிறேன்’ என்பது போதும். வீட்டுக் காரணங்களை அடுக்க வேண்டியதில்லை. காரணம் சொல்லச் சொல்ல, அது நியாயமா இல்லையா என்று தீர்ப்பளிக்கும் ஸ்தானத்தில் மேலாளர் ஏறி அமர்ந்துவிடுவார். சொன்னதை அன்றே வட்ஸ்அப்பிலோ சிறு கடிதத்திலோ பதிந்து வைப்பதும், வேலை செய்த மணித்தியாலங்களைச் சொந்தக் கொப்பியில் குறித்து வருவதும், சம்பளச் சிட்டைகளைப் பத்திரப்படுத்துவதும் பிற்காலத்தில் சாட்சியாகும். இதனால் வேலை பறிபோகுமாயின் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்கலாம். கொடுக்கப்படாத ஓவர்டைமுக்குப் பதுளையிலோ மொனராகலையிலோ உள்ள தொழில் அலுவலகத்தில் முறையிடலாம்.

எனினும் இச்சுமை முழுவதையும் ஒரு தையற்காரியின் தலையிலோ கொழுந்துக்காரியின் தலையிலோ ஏற்றுவது நியாயமன்று. சந்தாப் பணம் வாங்கும் தொழிற்சங்கங்களுக்கு என் வேண்டுகோள் இது: அடுத்த முறை நாட்சம்பளத்துக்காகப் பேச அமரும்போது, மேலதிக வேலையை இத்தனை நாள் முன்னதாக அறிவிக்க வேண்டும், மறுத்தவரைப் பழிவாங்கக் கூடாது என்ற இரண்டு விதிகளையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.