பாரந்தூக்கியும் ‘நிறுத்து’ என்னும் சொல்லும்

அறுகம்பேயில் அலைச்சறுக்கு விளையாட்டுக்காக வெளிநாட்டார் வந்து கூடும் பருவம் சித்திரையை ஒட்டித் தொடங்கிப் புரட்டாதி வரை நீடிப்பதால், அங்கே விடுதி கட்டுகிறவர்கள் ஆண்டின் எஞ்சிய மாதங்களையெல்லாம் அந்தப் பருவத்துக்கு ஆயத்தமாகும் காலமாகவே கருதுகிறார்கள். வாடைமழை ஓய்ந்து மண் உலர்வதற்கு முன்பே தூண்கள் எழும்பிவிட வேண்டும், முதல் விருந்தினர் வந்திறங்குவதற்குள் மேல்மாடிக்குக் கூரை ஏறிவிட வேண்டும் என்னும் அவசரம், முதலாளியிடமிருந்து கொந்தராத்துக்காரரையும், அவரிடமிருந்து மேசனையும் ஓடாவியையும், இறுதியில் நாட்கூலிக்கு வந்த இளைஞனையும் பற்றிக்கொள்கிறது. அந்த அவசரத்தின் நடுவே, வேறோர் ஊரிலிருந்து நாள்வாடகைக்கு வந்த பாரந்தூக்கி, நாம் கிரேன் என்று அழைத்துப் பழகிய யந்திரம், தன் நீண்ட கையைத் தென்னைகளுக்கு மேலாக நீட்டி நிற்கும். அதன் கீழ் நிற்பவர்களுக்கு அந்த யந்திரத்தின் குணம் தெரியாது. யந்திரத்தின் குணம் தெரிந்த இயக்குநருக்கோ அந்த நிலத்தின் குணம் தெரியாது.

ஒரு தலைமுறைக்கு முன் நம் கரையோர ஊர்களில் பாரம் தூக்குவதற்குக் கப்பியும் கயிறும் மனிதர் தோளுமே சாதனங்களாக இருந்தன. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி எழுந்த சுனாமியில், இலங்கையிலேயே மிக அதிகமான உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். அதன் பின் நிகழ்ந்த புனர்நிர்மாணத்தில் மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் வீடுகள் மாடிகளாக எழுந்தன. அலை சிதைத்த அறுகம்பேப் பாலத்துக்குப் பதிலாக அமெரிக்க உதவியுடன் கட்டப்பட்ட புதிய பாலம் 2008 இல் திறக்கப்பட்டது. ஒலுவில் துறைமுகம் 2013 இல் திறக்கப்பட்டது. அத்தகைய பெரிய வேலைத்தலங்களில் பாதுகாப்புக்கென்றே ஓர் உத்தியோகத்தரை வைத்திருக்க இடமுண்டு. அவற்றோடு அறிமுகமாகி இன்று இரண்டு மூன்று மாடிக் கட்டடங்களுக்கும் வந்து நிற்கும் யந்திரத்தோடு, அந்த உத்தியோகத்தரும் கூடவே வருவதில்லை.

யந்திரத்தை அலட்சியம் செய்தால் என்ன விபரீதம் விளையும் என்பதை நம் மக்கள் ஒரு முறை உலகத்தோடு சேர்ந்து பிரத்தியட்சமாகக் கண்டார்கள். 2015 செப்டெம்பர் 11 ஆம் திகதி வெள்ளிக்கிழமை, ஹஜ்ஜுக்காக யாத்திரிகர்கள் வந்து நிறைந்துகொண்டிருந்த மாலை வேளையில், மக்காவில் மஸ்ஜிதுல் ஹராமின் விஸ்தரிப்பு வேலைக்கென நிறுத்தப்பட்டிருந்த மாபெரும் பாரந்தூக்கியொன்று பலத்த காற்றில் சாய்ந்து பள்ளிவாசலுக்குள் விழுந்தது. 111 பேர் உயிரிழந்தார்கள், 394 பேர் காயமடைந்தார்கள். அந்த யந்திரம் அப்போது எதையும் தூக்கிக்கொண்டிருக்கவில்லை என்பதே இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய விஷயம். காற்று வீசியது உண்மைதான். ஆயினும் வேலை இல்லாத வேளையில் யந்திரத்தின் கையைத் தாழ்த்தி வைக்க வேண்டும் என்று உற்பத்தியாளரின் கையேடு விதித்திருந்தும் அது தாழ்த்தப்படாதிருந்தது என்பதைச் சவூதி அரசின் விசாரணை எடுத்துக் காட்டியது.

வேலைத்தலத்தில் ஒருவன் விழுந்து இறந்தால் ‘நஸீபு’ என்று சொல்லி ஜனாஸாவை அடக்கிவிட்டுத் திரும்புவது நம் வழக்கம். துக்கத்தைத் தாங்கிக்கொள்ள அந்தச் சொல் உதவுகிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிய பிறகே தவக்குல் வைக்க வேண்டும் என்னும் பாடத்தை மதரசாவில் ஓதிய சிறுவனும் அறிவானாகையால், கட்டாமல் விட்ட ஒட்டகத்துக்கு விதியைப் பொறுப்பாக்குவது மார்க்கமும் ஆகாது, நியாயமும் ஆகாது. தாழ்த்தாத கை, பரிசோதிக்காத கயிறு, அளக்காத பாரம் ஆகிய ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதத்தைக் கைவிட்டதன் அடையாளமே.

யந்திரம் சொல்லும் கணக்கு

பாரந்தூக்கியின் உடலில் 25 தொன் என்று எழுதியிருந்தால் அது எங்கேயும் எப்போதும் 25 தொன்னைத் தூக்கும் என்று எண்ணுவது முதலாவது பிரமை. அந்தத் தொகை, யந்திரத்தின் சுழல்மையத்திலிருந்து ஏறத்தாழ 3 மீற்றர் தூரத்தில் பாரம் இருக்கும் நிலைக்கே உரியது. மதிலுக்கு அப்பால் 20 மீற்றர் எட்டிப் பாரத்தை வைக்க வேண்டுமானால், அதே யந்திரத்தின் வலு ஓரிரு தொன்னாகச் சுருங்கிவிடலாம். தண்ணீர்க் குடத்தை மார்போடு அணைத்துத் தூக்குபவன் அதையே கையை நீட்டிப் பிடிக்க முடியாமல் தடுமாறுவது எதனாலோ, அதனாலேயே யந்திரமும் தடுமாறுகிறது. எந்தத் தூரத்தில், கை எந்த நீளத்தில், எவ்வளவு பாரம் தூக்கலாம் என்பதை இயக்குநரின் அறையில் இருக்கும் சுமை அட்டவணை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. அட்டவணை இல்லாத யந்திரத்தை வாடகைக்கு எடுக்கவே கூடாது. பாரத்தின் நிறையையும் உத்தேசமாகச் சொல்லலாகாது. ஒரு கன மீற்றர் கொங்கிறீட் ஏறத்தாழ 2.4 தொன் நிறையுடையதாகையால், அரைக் கன மீற்றர் கொண்ட வாளியில் கொங்கிறீட் மாத்திரமே 1.2 தொன் இருக்கும். வாளி, கொளுக்கி, கட்டுக்கயிறு ஆகியவற்றின் நிறையையும் அதனோடு கூட்ட வேண்டும்.

இரண்டாவது, நிலம். நம் கரையோரம் மணற்பாங்கானது. போதாததற்குப் பழைய வளவுகளில் தூர்த்த கிணறுகளும், பலகையோ மெல்லிய கொங்கிறீட் மூடியோ இட்டு மண் போட்ட மலசலகூடக் குழிகளும் மறைந்து கிடக்கின்றன. யந்திரத்தின் பக்கக் கால்களில் ஒன்று அத்தகைய குழியின் மேல் ஊன்றப்பட்டால், பாரம் அந்தப் பக்கமாகச் சுழலும் கணத்தில் அது அமிழ்ந்து முழு யந்திரமும் கவிழும். ஆகவே வேலை தொடங்குமுன் வளவின் சொந்தக்காரரிடம், அவர் இல்லையேல் அயலில் வாழும் முதியவரிடம், குழிகளும் கிணறுகளும் இருந்த இடங்களைக் கேட்டுக் குறித்துக்கொள்வதும், கால்களை முழுவதுமாக வெளியே நீட்டி, அகலமும் கனமுமான மரப்பலகைகளின் மேல் ஊன்றுவதும் அவசியம்.

மூன்றாவது, பாரத்தைத் தாங்கும் கயிறும் சங்கிலியும். இரு கிளைகளாகக் கட்டிய கயிற்றின் கிளைகளுக்கிடையே 60 பாகை இருந்தால் ஒவ்வொரு கிளையும் பாரத்தின் நூற்றுக்கு 58 பங்கைத் தாங்குகிறது. அக்கோணம் 120 பாகையாக விரிந்தாலோ, ஒவ்வொரு கிளையும் முழுப் பாரத்தையும் தாங்க வேண்டியதாகிறது. கயிறு குட்டையாகிவிட்டதென்று கோணத்தை விரித்துக் கட்டுகிறவர், தம்மை அறியாமலே கயிற்றின் வலுவைப் பாதியாகக் குறைத்துவிடுகிறார். கடற்காற்றின் உப்போ கம்பிவடத்தை உள்ளிருந்தே துருப்பிடிக்கச் செய்வது. எண்ணெய் வற்றிய வடமும், இழைகள் அறுந்த வடமும், ஒரு முறை மடங்கி முறுகிய வடமும் நீக்கப்பட வேண்டியவை. சங்கிலியில் முடிச்சுப் போடுவதும், தாழ்ப்பாள் இல்லாத கொளுக்கியைப் பயன்படுத்துவதும் எந்த நிலையிலும் தகா. மண் அள்ளும் பெக்கோவின் வாளியில் சங்கிலியைச் சுற்றித் தூண்களைத் தூக்குவது நம்மூர்களில் கெட்டித்தனமாக மதிக்கப்படுகிறது. தூக்குவதற்கென உற்பத்தியாளர் கொளுக்கியும் சுமை அட்டவணையும் வழங்கியிராத யந்திரத்தால் தூக்குவது வெறும் துணிகரம்.

நான்காவது, காற்றும் மின்சாரமும். கச்சான் வீசும் நாட்களில் கூரைத்தகடு ஒன்றைத் தூக்குவது பாய்மரத்தைத் தூக்குவதற்குச் சமானம். காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகிறது என்பது பௌதிக விதி. வீதியோரமாகச் செல்லும் 11,000 வோல்ற், 33,000 வோல்ற் மின்கம்பிகளோ, யந்திரத்தின் கை தொட்டால் மட்டுமின்றி, மிக அண்மித்தாலும் மின்சாரம் தாவிப் பாயத்தக்கவை. அருகில் வேலை செய்ய நேர்ந்தால், முன்கூட்டியே மின்விநியோக நிறுவனத்துக்கு அறிவித்து மின்னோட்டத்தைத் துண்டிக்கச் செய்ய வேண்டும். ஒருகால் கை கம்பியைத் தொட்டுவிட்டால், இயக்குநர் இருக்கையை விட்டு இறங்காதிருப்பதும், மற்றவர்கள் யந்திரத்தையோ பாரத்தையோ தொடாமல் தூர விலகுவதும், மின்சாரம் துண்டிக்கப்பட்டது உறுதியாகும் வரை காத்திருப்பதுமே உயிர் காக்கும் வழி. யந்திரத்தில் தீப்பிடித்து இறங்கியே ஆக வேண்டியிருந்தால், யந்திரத்தையும் நிலத்தையும் ஒருங்கே தொடாதவாறு இரு பாதங்களையும் சேர்த்து வைத்துக் குதித்து, பாதங்களைப் பிரிக்காமல் சிறுகச் சிறுக நகர்ந்து அகல வேண்டும்.

சட்டம் விதிக்கும் கடமை

இவையெல்லாம் நல்லெண்ணமுள்ளவர்கள் விரும்பினால் அநுசரிக்கும் உபதேசங்கள் மாத்திரம் அல்ல. 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், பெயரில் தொழிற்சாலை என்றிருப்பினும், கட்டட நிர்மாண வேலைகளுக்கும் செல்லுபடியாவது. பாரந்தூக்கிகளை 14 மாதங்களுக்கு ஒரு முறையேனும், சங்கிலி, கயிறு, கொளுக்கி முதலான உபகரணங்களை 6 மாதங்களுக்கு ஒரு முறையேனும், அதிகாரம் பெற்ற உத்தியோகத்தரைக் கொண்டு முழுமையாகப் பரிசோதிப்பித்தல் அதன் விதி. வாடகைக்கு யந்திரம் எடுக்கும் கொந்தராத்துக்காரர், வாடகையைப் பேரம் பேசுவதற்கு முன் அந்தப் பரிசோதனை அத்தாட்சிப் பத்திரத்தைக் கேட்டுப் பார்த்தல் அவருடைய கர்த்தவ்யம். இயக்குநரிடம் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழைக் கேட்பதும் அவமதிப்பாகாது. வாகனச் சாரதியிடம் அநுமதிப்பத்திரத்தைக் கேட்பதை யாரும் அவமதிப்பாகக் கொள்வதில்லையே.

விபத்தில் ஒருவர் இறந்தாலும், மூன்று நாட்களுக்கு மேல் வேலை செய்து முழு வேதனம் பெற இயலாதவரானாலும், அதனைத் தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு எழுத்தில் அறிவிப்பது தொழில்தருநரின் கடமை. அறிவிக்காமல் மறைப்பது தனியே ஒரு குற்றம்.

விபத்து நேர்ந்த பின்

காயமடைந்தவருக்கு முதல் நிவாரணம் வைத்தியசாலை. அங்கே ‘வீட்டில் விழுந்தார்’ என்று எழுதுவிக்கும்படி முதலாளியின் ஆட்கள் மெல்லிய குரலில் கேட்டாலும் இணங்காமல், வேலைத்தலத்தில் நிகழ்ந்தது என்பதையே பதிவுசெய்விக்க வேண்டும். பின்னர் நஷ்டஈட்டைத் தீர்மானிப்பதில் அந்த ஒரு வரி பெரும் ஆதாரமாகும். பொலிஸ் முறைப்பாடும், உடனிருந்தவர்களின் பெயர்களும், வேதனம் பெற்றதற்கான சான்றும், இயன்றால் யந்திரத்தின் படங்களும் அதே நாளில் சேகரிக்கப்பட வேண்டியவை.

1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையின்போதும் வேலையின் நிமித்தமும் நேர்ந்த காயத்துக்கும் மரணத்துக்கும் தொழில்தருநரை நஷ்டஈடு செலுத்தக் கட்டுப்படுத்துகிறது. தொழில்தருநரின் குற்றத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. தொழிலாளியின் சாமானிய அஜாக்கிரதை மாத்திரம் நஷ்டஈட்டை மறுக்கப் போதிய காரணமும் ஆகாது. 2022 இல் செய்யப்பட்ட திருத்தம் அதன் உச்சத்தொகையை 5,50,000 ரூபாயிலிருந்து 20 இலட்சம் ரூபாயாக உயர்த்தியது. தமது தொழிலின் பொருட்டு எடுத்த வேலையை உபகொந்தராத்துக்கு விட்டவர், ‘அவன் என்னுடைய ஆள் அல்லன்’ என்று கைகழுவ முடியாது. பிரதான கொந்தராத்துக்காரரிடமும் நஷ்டஈடு கோரலாம். மரணம் நேர்ந்தால் தொகையை வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளரிடமே வைப்பிலிட வேண்டும் என்று சட்டம் விதித்ததன் நோக்கம், துக்க வீட்டில் ஒரு சிறு தொகையை உம்மாவின் கையில் வைத்து, ‘இனி எந்த உரிமையும் கோரமாட்டோம்’ என்று கையொப்பம் வாங்கும் வழக்கத்தைத் தடுப்பதே. அப்படி உரிமையைத் துறக்கும் உடன்படிக்கை சட்டத்தின் முன் செல்லாது. வழக்கறிஞருக்குப் பணம் கொடுக்க இயலாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

எல்லோருக்கும் உரிய ஒரு சைகை

இத்தனை விதிகளும் இருந்தும் விபத்து நிகழ்வதற்கு, ஆபத்தைக் கண்டவன் வாய் திறக்காமல் இருப்பதே பெரும்பாலும் காரணம். நம் வேலைத்தலங்களில் கொந்தராத்துக்காரர் ஒருவனுக்கு மாமா, மேசன் மற்றொருவனுக்கு மச்சான், வேலை தந்தவரின் தயவே அடுத்த வாரத்து ஜீவனம். “கயிறு சரியில்லை காக்கா” என்று ஓர் இளைஞன் தயங்கிச் சொன்னாலும், “ஒண்டும் ஆகாது தம்பி, நீ பிடி” என்னும் பதிலில் அவனுடைய வாய் அடைபட்டுவிடுகிறது. யந்திர இயக்கத்தின் சர்வதேச வழக்கமோ இதற்கு ஒரு நுட்பமான மாற்றைக் கண்டிருக்கிறது. பாரத்தை உயர்த்து, தாழ்த்து, திருப்பு என்னும் சைகைகளை நியமிக்கப்பட்ட ஒருவர் மட்டுமே காட்டலாம். பலர் காட்டினால் இயக்குநர் குழம்புவார். ஆனால் ‘நிறுத்து’ என்னும் சைகையை மட்டும், சீமெந்து குழைக்கும் சிறுவன் காட்டினாலும், இயக்குநர் அக்கணமே பணிந்தாக வேண்டும். காரணத்தைப் பின்னர் கேட்கலாம். காலையில் வேலை தொடங்குமுன் கொந்தராத்துக்காரர் இதைத் தம் வாயாலேயே எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டால், மாமன் மச்சான் முறையும் கெடாது, மனித உயிரும் போகாது.

நம் கடற்கரையில் கரைவலை இழுப்பவர்களுக்கு இது புதிய பாடம் அன்று. வலையை இழுக்கும் தாளத்தை ஒருவர் குரல் நடத்த, மற்றவர்கள் அதற்கே இசைந்து இழுக்கிறார்கள். ஆனால் கயிற்றில் ஒருவன் கால் சிக்கிவிட்டதென்று எந்த முனையிலிருந்து குரல் எழுந்தாலும், எல்லாக் கைகளும் நின்றுவிடுகின்றன. குரல் கொடுத்தவன் யாருடைய மகன் என்று அப்போது அங்கே எவரும் கேட்பதில்லை.