கணக்கு ஒன்று, சாளரங்கள் பல

சித்தூர்க் கிளையில் கணக்கு வைத்துள்ள வாடிக்கையாளர் ஒருவர் திருப்பதியில் கடை நடத்துகிறார் என்று கொள்வோம். காலையில் கைப்பேசிச் செயலியில் ஓர் இருப்புத் தொகையைக் காண்கிறார். நண்பகலில் திருப்பதிக் கிளையில் பாஸ்புக்கைப் பதியும்போது வேறொரு தொகை தெரிகிறது. “இவற்றுள் எது உண்மை?” என்பது கவுண்டரில் பணியாற்றும் நாங்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி.

முற்காலத்தில் இக்கேள்விக்கு இடமில்லை. சித்தூர்க் கணக்கின் இருப்பு சித்தூர்க் கிளையின் பேரேட்டில் மட்டுமே இருந்தது. ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருப்பதிக் கிளை அதனை அறிய வழியில்லை. 1984ஆம் ஆண்டு ரங்கராஜன் குழு வங்கிகளைக் கணினிமயமாக்கப் பரிந்துரைத்த பின்னரும், தொடக்கத்தில் ஒவ்வொரு கிளையின் கணினியும் தனித்தே இயங்கியது. கோர் பேங்கிங் முறை வந்த பிறகே எல்லாக் கிளைகளின் பேரேடுகளும் ஒரே தரவு மையத்தில் சேர்ந்தன.

இன்று தங்கள் பெயர், முகவரி, கைப்பேசி எண், இருப்பு, வரவு செலவு ஆகிய அனைத்தும் மையச் சர்வரில் ஒரே பதிவாக உள்ளன. கிளையின் மேசைக் கணினி, இணைய வங்கித் தளம், கைப்பேசிச் செயலி ஆகியவை அப்பதிவைக் காட்டும் சாளரங்களே. கேட்பவர் யார் என்பதைச் சரிபார்த்து, அவருக்கு உரிய பகுதியின் நகலை மட்டும் சர்வர் அனுப்புகிறது. கிளை அலுவலரின் திரையில் தங்கள் மாதிரிக் கையொப்பம் தோன்றும். செயலிக்கு அது தேவையில்லை.

திரையில் தெரிவது நகல் என்பதால், அது கேட்ட நொடியின் நிலையையே காட்டும். காலையில் கண்ட தொகைக்குப் பின் ஒரு பற்று நிகழ்ந்திருக்கலாம். செலுத்திய காசோலை இன்னும் வசூலாகாமல் இருக்கலாம். ஐயம் எழுந்தால் செயலியை மீண்டும் புதுப்பித்துப் பார்ப்பதே முறை.

மாற்றம் செய்யும் அதிகாரம் சர்வருக்கு மட்டுமே உண்டு. கணக்கில் 10,000 ரூபாய் இருக்கையில், ஏடிஎம்மில் 8,000 ரூபாயும் அதே நொடியில் யூபிஐ வழியாக 5,000 ரூபாயும் கோரப்படுவதாகக் கொள்வோம். முதலில் வந்த கோரிக்கை முடியும்வரை சர்வர் அக்கணக்கைப் பூட்டி வைக்கும். அடுத்தது இருப்புப் போதாமையால் மறுக்கப்படும்.

யூபிஐ பரிமாற்றத்தில் பெரும்பாலும் இரு வங்கிகளின் சர்வர்களும் தேசிய பணம் செலுத்தல் கழகத்தின் அமைப்பும் பங்கேற்கின்றன. இடையில் ஒரு விடை தாமதித்தால் திரை “நிலுவையில்” என்று காட்டும். அப்போது பதற்றத்தில் மீண்டும் பணம் அனுப்பினால், இரண்டும் நிறைவேறி இருமுறை பற்று ஆகக்கூடும். முதலில் கணக்கு அறிக்கையைப் பாருங்கள். 2019 செப்டம்பர் 20 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, யூபிஐ வழி அனுப்பிய தொகை பற்றாகியும் பெறுநர் கணக்கில் சேராவிடில், மறுநாளுக்குள் அது தானாகவே திரும்ப வேண்டும். வணிகருக்குச் செலுத்தியதாயின் 5 நாள்கள் வரை ஆகலாம். அதற்கும் மேல் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

கடை நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். யாத்திரிகர் கூட்டம் மிகுந்த வேளையில், வாங்குபவர் நீட்டும் கைப்பேசித் திரையை மட்டும் நம்பிப் பொருளைக் கொடுத்துவிடாதீர்கள். அது பழைய படமாகவோ போலியாகவோ இருக்கலாம். தங்கள் செயலியில் வரவு தெரிகிறதா, ஒலிப்பெட்டி தொகையை அறிவித்ததா என்று பார்த்த பின்னரே பொருளைக் கொடுங்கள். பிறர் கைச் சாளரத்தில் தெரிவது தங்கள் வரவாகாது. தங்கள் கணக்கில் ஏறியதே வரவு.